அணைத்து வைத்த அலாரம்

ரகுபதியின் முதுகில் தொங்கிய பைதான் எபினேசரை முதலில் உறுத்தியது. நல்ல கறுப்புப் பை. ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை. லேப்டாப் வைக்க ஓர் அறை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வலை. பெங்களூருக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போனவர்களுக்கு நெட்வொர்க் சுவிட்சு தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது. ரகுபதி அதை மாட்டிக்கொண்டு யார்டுக்குள் நடந்தால், கிரேன்காரர்கள் மேலிருந்து, "இன்னா ரகு, ஸ்கூலுக்கா?" என்று கேட்பார்கள். ரகுபதி சிரிப்பான். கேட்டவர்களும் சிரிப்பார்கள். எபினேசர் மட்டும் சிரிக்கமாட்டான். பன்னிரண்டு வருடம் இங்கே உழைத்தவனை விட்டுவிட்டு ஒன்பது வருடக்காரனை அனுப்பினார்களே என்ற நினைப்பு, அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் முள்ளாய் ஏறும்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருந்தது அந்தக் கன்டெய்னர் யார்டு. துறைமுகத்துப் பெட்டிகள் கப்பலுக்கோ லாரிக்கோ காத்திருக்கும் இடம். வாசல் கேட்டு, எடை மேடை, இறால் மாதிரிச் சரக்கை உறைய வைத்திருக்கும் குளிர்ப்பெட்டிகள் நிற்கும் வரிசை, நடுவில் ஆபீஸ். இவை எல்லாவற்றையும் கண்ணாடி இழைக் கேபிள்கள் இணைத்தன. ஒவ்வொரு கேபிளும் வந்து சேரும் இடத்தில் ஒரு சுவிட்சு இருக்கும். வந்த தகவலை எந்தப் பக்கம் அனுப்பவேண்டும் என்று பார்த்து அனுப்புகிற தட்டையான இரும்புப் பெட்டி. இவற்றைப் பார்த்துக்கொள்ள இருந்தவர்கள் இரண்டே பேர், எபினேசரும் ரகுபதியும்.

எபினேசரின் அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். ரகுபதி திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போக, அவன் ஒருவன் ஐ.டி.ஐ. படித்துக் கரையில் நின்றுவிட்டான். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஒன்பது வருடமாக ஒருவர் டிபன் பாக்ஸில் மற்றவர் கை வைத்தவர்கள். கிறிஸ்துமஸுக்கும் புனித வெள்ளிக்கும் ரகுபதி டூட்டி பார்ப்பான்; ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் எபினேசர் பார்ப்பான். யாரும் எழுதி வைத்த ஏற்பாடு அல்ல. அப்படி அமைந்துவிட்டது.

இவர்களுக்கு நடுவே ஒரு பதவி வந்து விழுந்தது. கம்பெனி எண்ணூரில் புதிதாக இன்னொரு யார்டு திறக்கிறது. அதன் நெட்வொர்க்குக்குப் பொறுப்பாளர் வேண்டும். விஜயதசமியன்று முதலாளி முன்னிலையில் பெயரைச் சொல்வதாக மேனேஜர் ராமதாஸ் அறிவித்திருந்தார். அது தன் பெயர்தான் என்று எபினேசர் மனைவி மகிமாவிடம் ஆடி மாதமே சொல்லிவிட்டான். மகிமா பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டாள். போதகர் ஞாயிறு ஆராதனையில் பெயரைச் சொல்லி ஜெபித்தும்விட்டார். இனி பதவி வராமல் போனால் கடவுளுக்கே சங்கடம் என்கிற அளவுக்கு விஷயம் போயிருந்தது.

அப்போதுதான் ரகுபதி அந்தப் பையோடு வந்தான். கூடவே ஒரு புது வித்தையும் கொண்டுவந்தான்.

அதுவரை ஒரு கேபிள் பழுதானால் எப்படித் தெரியும்? யாராவது வாக்கி-டாக்கியில் கத்துவார்கள், எபினேசர் ஓடுவான். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பது அவனுக்கு மனப்பாடம். மற்ற யார்டுகளில் கேபிளுக்குக் கேபிள் பெயர்ச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அவன் ஒட்டமாட்டான். "தெரியாதவனுக்குத்தான்பா சீட்டு," என்பான்.

புது வித்தையில் ஓட்டமே தேவையில்லை. கேபிளின் இரண்டு முனைகளிலும் உள்ள சுவிட்சுகளுக்கு ஆளுக்கு ஓர் எண் கொடுக்கவேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஓர் இணைப்புப் பெயர் வைக்கவேண்டும். அதன்பிறகு நொடிக்கு ஒரு தரம் அவை ஒன்றுக்கொன்று, "இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பிக்கொள்ளும். மூன்றரை நொடிக்குச் செய்தி வரவில்லை என்றால் எதிர் முனைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சுவிட்சே தெரிந்துகொண்டு மேனேஜரின் போனுக்கு அலாரம் அனுப்பும். வேறோர் இணைப்பின் பெயரில் செய்தி வந்தால், கேபிளை யாரோ மாற்றிச் செருகியிருக்கிறார்கள் என்பதையும் கண்டுபிடித்துவிடும்.

"இனிமே நாம ஓட வாணாம் மாமு. அதுங்களே ஒண்ணை ஒண்ணு விசாரிச்சிக்கும்," என்றான் ரகுபதி.

"விசாரிச்சிக்கட்டும்," என்றான் எபினேசர்.

ஓடுவதுதான் அந்த யார்டில் அவனுக்கிருந்த மரியாதை என்பது ரகுபதிக்குத் தோன்றவில்லை. எபினேசருக்கோ வேறு எதுவுமே தோன்றவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் குளிர்ப்பெட்டி வரிசையின் இணைப்பை அமைத்தார்கள். ஆபீஸ் முனையில் ரகுபதி. அரை கிலோமீட்டர் தள்ளி, வரிசையின் ஓரத்தில் இருந்த இரும்பு அலமாரியின் முன்னால், மடியில் லேப்டாப்போடு எபினேசர். நடுவில் வாக்கி-டாக்கி.

"மாமு, உன் முனைக்கு ரெண்டாம் நம்பர் குடு. எனுக்கு ஒண்ணு."

"ஏன், எனக்கு ஒண்ணு வந்தா ஆகாதா?"

"உனுக்கு ரெண்டுதான் ராசி. ரெண்டாவது பொண்ணு பொறந்தப்புறந்தான வண்டியே வாங்குன."

அதே அலைவரிசையில் இருந்த கேட்டுக்காரர்கள் சிரிப்பது கேட்டது. எபினேசர் ரெண்டு என்று அடித்தான். அந்த எண்ணே அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று.

பிறகு சோதனை. "உருவு" என்பான் ரகுபதி. எபினேசர் கேபிளை உருவுவான். "செருகு" என்பான், செருகுவான். நாலாவது தடவை உருவியபோது ராமதாஸின் குரல் குறுக்கே வந்தது.

"யோவ் ரகு, நிமிஷத்துக்கு ஒரு தபா என் போன் கத்திகினு கீது. முதலாளிக்கும் போவுதாம். அவரு சாப்ட்டுகினு இருக்காரு. முதல்ல அத்த நிறுத்து."

"இதோ சார்."

எபினேசரின் திரையில் ஆபீஸ் சுவிட்சின் அமைப்பும் தெரிந்தது. கடைசி வரியில் 'அலாரம் அனுப்பு' என்பது 'அனுப்பாதே' என்று மாறியது. சோதனை முடிந்ததும் ரகுபதி அதைத் திரும்ப மாற்றவேண்டும். ஆனால் முடிந்த அந்த நிமிஷத்தில் எடை மேடையில் பிரிண்டர் சிக்கிக்கொண்டது, ஏழு லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன, ரகுபதியைக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தான், கையெல்லாம் மையோடு.

"மாமு, கெளம்பறதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒரு தபா பாத்துரு. என் கண்ணு மேல எனுக்கே நம்பிக்கை இல்ல. நாளன்னிக்கு முதலாளி தன் கையாலயே கேபிளை உருவப் போறாராம். அப்ப அலாரம் வரலன்னா என் மானம் கப்பலேறிடும்."

எபினேசர் பார்த்தான். எண்கள் சரி, இணைப்புப் பெயர் இரண்டு முனையிலும் ஒன்றே, நொடிக் கணக்கு சரி. கடைசி வரியில் 'அனுப்பாதே' அப்படியே இருந்தது.

ஆண்டவர் பெரும்பாலான மனிதர்களுக்குப் பெரிய சோதனைகளை வைப்பதில்லை. வேதாகமத்தில் வரும் சிங்கக் குகையும் அக்கினிச் சூளையும் எல்லோருக்கும் வாய்க்குமா? நமக்கெல்லாம் அவர் ஒரு சாயங்கால வேளையில், கையில் மை படிந்த ஒரு மனுஷனை முன்னால் நிறுத்தி, ஒரே ஒரு வார்த்தை பதில் கேட்கிறார்.

"எல்லாம் சரியா கீது," என்றான் எபினேசர்.

"அப்பாடா," என்று ரகுபதி பையை மாட்டிக்கொண்டான். "நீ சொன்னா சரிதான்."

வீட்டுக்குப் போகும் வழியில் எபினேசர் தனக்குத்தானே பேசிக்கொண்டான். நான் ஒன்றும் கெடுக்கவில்லையே. அவன் அணைத்தான், அவன் மறந்தான். முதலாளி உருவுவார், ஒன்றும் கத்தாது, அவ்வளவுதானே. பொறுப்பாளர் என்றால் யார் என்று எல்லோருக்கும் புரியும். இப்படி நியாயம் பேசிக்கொண்டே வந்தவனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்பது தெரியவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சு அலமாரிகளை எபினேசர் துடைப்பான். ரகுபதி சந்தனமும் குங்குமமும் வைப்பான். எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூசியும் கடல் உப்பும் சேர்ந்து வருஷம் முழுக்க அப்பியிருப்பதைக் கேபிள்களை ஒவ்வொன்றாக உருவித் துடைத்து மறுபடி செருகவேண்டும். "அழுக்கு உன் டிபார்ட்மெண்ட், அழகு என் டிபார்ட்மெண்ட்," என்று ரகுபதி சொல்வான். பொட்டு வைத்து முடிந்ததும் பொரிகடலையை இருவரும் அலமாரி மேலேயே கொட்டிச் சாப்பிடுவார்கள்.

இந்த வருஷம் குளிர்ப்பெட்டி வரிசை அலமாரியை எபினேசர் தனியாகத்தான் துடைத்தான். ஆபீஸ் வாசலில் பூசணிக்காய் உடைக்கும்படி ரகுபதியை முதலாளியே கூப்பிட்டுவிட்டார். வழக்கமாக அதை ராமதாஸ்தான் உடைப்பார். துணியும் கையுமாக நின்ற எபினேசருக்குத் தூரத்தில் அந்தக் கூட்டம் தெரிந்தது. ரகுபதி பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினான், போட்டு உடைத்தான், எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி அவன் தோளில் கை போட்டு என்னவோ சொன்னார். ரகுபதி தலையைக் குனிந்து சிரித்தான்.

என்ன சொல்லியிருப்பார்? எபினேசரின் கண் அங்கேயே இருந்தது. கை மட்டும் இங்கே துடைத்துக்கொண்டிருந்தது, உருவியது, செருகியது. விளக்குகள் பச்சையாக எரிந்தன. கதவைச் சாத்தினான். ரகுபதி வந்து பொட்டு வைக்கும்போது அவன் அங்கே இல்லை. கட்டுப்பாட்டு அறைக்கு டூட்டிக்குப் போய்விட்டிருந்தான்.

மதியத்துக்குள் யார்டு காலியாகிவிட்டது. காவல்காரர்கள், குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் திருமலை, எபினேசர், இவ்வளவு பேர்தான். திரையில் நாற்பத்திரண்டு குளிர்ப்பெட்டிகளின் வெப்பநிலையும் வரிசையாகத் தெரிந்தது. பக்கத்தில், அலாரம் வந்தால் காட்டுவதற்கென்று ரகுபதி வைத்த பழுதுப் பலகை சத்தமில்லாமல் கிடந்தது. நாளைக்கும் அது இப்படித்தான் கிடக்கும் என்று எபினேசர் நினைத்தான். அந்த நினைப்பில் ஒரு தித்திப்பு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே கசந்தது. அந்த 'அனுப்பாதே'யை மாற்றிவிடலாமா என்று கையைக் கீபோர்டில் வைத்தான். ரகுபதியின் தோளில் கிடந்த முதலாளியின் கை ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டான்.

மூன்று மணிக்குத் திருமலை வந்தார். ஐம்பது வயது; மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருபவர். கம்ப்யூட்டர் எத்தனை வந்தாலும் நாளுக்கு மூன்று தரம் வரிசையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் அன்றைய வெப்பநிலையைச் சாக்பீஸால் எழுதி வைப்பார். யாரும் எழுதச் சொன்னதில்லை.

"எபி சார், இருபத்தேழாம் நம்பர் பொட்டி உங்க டிவில எவ்ளோ காட்டுது?"

"மைனஸ் பதினெட்டு. ஏன்?"

"அங்க மைனஸ் பதினொண்ணுல கீது. கரண்டு பிளக்கு ட்ரிப் ஆயிட்சி போல, போட்டு வுட்டேன். உள்ள இறாலு. மேல் அடுக்கு வேர்க்க ஆரம்பிச்சிடுச்சி."

எபினேசர் திரையின் மூலையைப் பார்த்தான். கடைசியாகத் தகவல் வந்த நேரம் பதினொன்று பத்து. அதன்பிறகு ஒன்றுமே வரவில்லை. திரை பழைய எண்களையே நாலு மணி நேரமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஆபீஸ் சுவிட்சின் பழுதுப் பட்டியலைத் திறந்தான். சுவிட்சு பதினொன்று பத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தது: 'இரண்டாம் முனையிலிருந்து செய்தி இல்லை. வேறு இணைப்பின் செய்தி வருகிறது. கேபிள் மாறியிருக்கிறது.' தெரிந்ததை எல்லாம் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தது. வெளியே சொல்லத்தான் அதற்கு அனுமதி இல்லை.

பதினொன்று பத்து. பூசணிக்காய் உடைத்த நேரம்.

வரிசை அலமாரிக்கு ஓடினான். அங்கே இரண்டு சுவிட்சுகள். ஒன்று குளிர்ப்பெட்டிகளுக்கு, மற்றது ஆட்கள் விரல் வைக்கும் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு. விடுமுறை நாளில் அந்த இயந்திரத்தைத் தேடுவார் யார்? இரண்டின் கேபிள்களும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஒரே நிறம், ஒரே பருமன், சீட்டு இல்லை. நாலு விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. மாற்றிச் செருக அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "வந்துட்சி சார், நம்பரு ஓடுது," என்று வாக்கி-டாக்கியில் திருமலையின் குரல் கேட்டது.

"திருமலைண்ணே, நீங்க பார்க்காம இருந்திருந்தா?"

"காலைலதான் பாத்திருப்போம். மொத்த இறாலும் போயிருக்கும். அப்பால என் வேலையும் போயிருக்கும்," என்றார் அவர், வானிலை சொல்வதுபோல.

எபினேசர் அலமாரியின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். சரக்குக்காரருக்குத் தகவல் சொல்லவேண்டும். சொன்னால் கேள்வி வரும். கேபிள் மாறியது பூஜைத் துடைப்பில் நடந்த கைத்தவறு. எல்லா வருஷமும் நடக்கக்கூடியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அவ்வளவு செலவழித்து வைத்த அலாரம் ஏன் கத்தவில்லை? அதைத்தான் கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்: ரகுபதி அணைத்து வைத்தான். நாளைக்கு முதலாளி கேபிளை உருவக்கூடத் தேவையில்லை. எபினேசர் ஆசைப்பட்டதற்கு மேலேயே நடந்துவிட்டது. எண்ணூர்ப் பதவி கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது.

போனை எடுத்து ரகுபதியைக் கூப்பிட்டான். பின்னால் பிள்ளைகளின் சத்தமும் அவன் மனைவி கன்னியம்மாவின் அதட்டலும் கேட்டன.

"இன்னா மாமு, பொரி தீந்துபோச்சா?"

எபினேசர் நடந்ததைச் சொன்னான். கேபிளைத் தான் மாற்றிச் செருகியதையும் சொன்னான். அலாரம் அணைந்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

"அய்யோ," என்றான் ரகுபதி. "நான்தான் மாமு. ராமதாஸ் சார் கத்துனாருன்னு அணைச்சேன். அந்தப் பிரிண்டர் எழவுல மறந்தே போய்ட்டேன். என் தப்புதான். நானே சார்கிட்ட சொல்லிடறேன்."

"சரி."

"இன்னொண்ணு கேளு. உன்கிட்ட பாக்கச் சொன்னேன்ல, அத்த நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. யார்கிட்டயும் காட்டல, நானே முடிச்சேன்னு சொல்லிக்கறேன். ஏதோ அவசரத்துல உன் கண்ணுல படல, அதுக்கு நீ எதுக்குப் பேச்சு வாங்கணும். பூஜை அன்னிக்கு நீ எனுக்காக டூட்டி பாத்துகினு கீற."

அலமாரிக் கதவில் ரகுபதி வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எபினேசர் அதைப் பார்த்துக்கொண்டே பேச வாயைத் திறந்தான். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்தபோதாவது சேவல் கூவியது. இவனுக்கு, எதிர் முனையில் இருப்பவன் நல்லவனாக இருந்ததே போதுமாக இருந்தது.

"கண்ணுல பட்டுது ரகு."

"இன்னாது?"

"அலாரம் அணைஞ்சிருந்தது என் கண்ணுல பட்டுது. தெரிஞ்சேதான் சரியா கீதுன்னு சொன்னேன்."

பின்னால் ஒரு பிள்ளை, "நைனா, இங்க பாரு," என்று கூப்பிட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

விஜயதசமி காலையில் எபினேசர் எட்டு மணிக்கே ராமதாஸின் அறை வாசலில் நின்றான். ரகுபதி ஏற்கெனவே உள்ளே இருந்தான். தன் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரிடமும் காட்டவில்லை என்றுதான் அப்போதும் சொன்னான். போனில் அத்தனையும் கேட்ட பிறகும் அப்படித்தான் சொன்னான். எபினேசர் உள்ளே போய், "இல்ல சார்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சீட்டு ஒட்டாமல் திரிந்த திமிரையும் விடவில்லை.

ராமதாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இறாலுக்கு ஒண்ணும் ஆவல. சரக்குக்காரர் ஆளு வந்து பாத்துட்டுப் போய்ட்டாரு. பொழச்சீங்க," என்றார். "ஒருத்தன் மறந்துட்ட. மறக்கறவனுக்கு நான் ஒரு லிஸ்ட் எழுதி செவுத்துல மாட்டிடலாம்."

மற்றவனைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மெமோ மட்டும் கொடுத்தார், இரண்டு பேருக்கும்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். ரகுபதி ராத்திரியே வந்து அலாரத்தைத் திரும்பப் போட்டுவிட்டிருந்தான். முதலாளி கேபிளை உருவினார். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் ராமதாஸின் சட்டைப் பையில் போன் கத்தியது. கைதட்டல் எழுந்தது. எண்ணூருக்குப் பொறுப்பாளர் ரகுபதி என்று அறிவித்தார்கள்.

எபினேசரும் கைதட்டினான். தட்டும்போதே வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை உடனே ஒழிந்துபோகும் என்று அவன் நம்பியிருந்தான். அது ஒழியவில்லை. பழைய இடத்திலேயே, பழைய சூட்டோடுதான் இருந்தது.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றபோது ரகுபதி வந்தான். முதுகில் பை இல்லை.

"இன்னாத்துக்கு மாமு?" என்றான்.

"வயிறு எரிஞ்சுது."

"எதுக்கு?"

"உன்னை பெங்களூருக்கு அனுப்புனாங்க. பை குடுத்தாங்க. முதலாளி உன் தோள்ல கை போட்டாரு. எல்லாத்துக்கும்."

ரகுபதி சாலையைப் பார்த்தான். ஒரு டிரெய்லர் லாரி கடந்து போயிற்று.

"எனுக்கும் எரிஞ்சுகீது. புயல் வெள்ளத்தப்ப மூணு நாள் தண்ணில நின்னு லைனைத் தூக்கி நிறுத்துனோம். உனுக்கு சால்வை போத்துனாங்க. நானும் உன் பக்கத்துலதான் இடுப்பளவு தண்ணில நின்னேன். மைக்கைக் குடுத்தப்ப நீ என் பேரைச் சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். ரெண்டு நாள் சோறு எறங்கல."

அந்தச் சால்வை எபினேசர் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. மைக்கில் தான் என்ன பேசினோம் என்பது அவனுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. ஆண்டவருக்கு நன்றி சொன்னான், முதலாளிக்கு நன்றி சொன்னான், மகிமாவுக்குக்கூடச் சொன்னான்.

"எனக்குத் தோணவே இல்ல ரகு."

"தெரியும். அதனாலதான் நானும் கேக்கல. ஆனா அன்னிக்கு நீ எத்தையாவது பாக்கச் சொல்லியிருந்தா, பொய் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லியிருக்க மாட்ட," என்று எபினேசர் ஒப்புக்கொண்டான். பிறகு, "டீ சொல்லவா?" என்று கேட்டான்.

"இன்னிக்கு வாணாம் மாமு. இன்னிக்கு மனசு வரல." இரண்டு அடி நடந்தவன் திரும்பினான். "நாளைக்குப் பாக்கலாம்."

வீட்டில் மகிமா ரவா கேசரி கிண்டி வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடியைத் திறக்கவில்லை.

"என்னங்க, கிடைக்கலியா?"

"ரகுபதிக்குக் கிடைச்சிருக்கு," என்று தொடங்கி, அவளிடமும் முழுவதையும் சொன்னான். ராமதாஸிடம் சொன்னதைவிட அவளிடம் சொல்லத்தான் நாக்கு அதிகம் கூசியது. அவள் திட்டவில்லை. "நீங்களா இப்படிச் செஞ்சீய?" என்று ஒருமுறை மட்டும் கேட்டாள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேசரியைப் பங்கு வைத்தாள். ஒரு டப்பாவில் தனியாகக் கொஞ்சம் எடுத்து மூடி, "காலைல கன்னியம்மாட்ட குடுத்திருங்க," என்றாள்.

ஏழு மணிக்கு வழக்கம்போல் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். அன்று ஜெபிக்கவேண்டியது எபினேசரின் முறை. வியாதியஸ்தர்களுக்காக ஜெபித்தான், படிக்கிற பிள்ளைகளுக்காக ஜெபித்தான். அதற்குமேல் போகாமல் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தான்.

"ரகுபதி," என்றான்.

ஆசீர்வதியும் என்று சொல்லவேண்டும். அவன் கையின் வேலையை வாய்க்கப்பண்ணும் என்று சொல்லவேண்டும். மற்றவர்களுக்காகத் தண்ணீராய்க் கொட்டும் வார்த்தைகள் இவனுக்கு மட்டும் தொண்டையைத் தாண்ட மறுத்தன. பொய்யாக வேண்டிக்கொள்ளவும் அவனுக்குத் துணிவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னான்.

"ஆமென்," என்றாள் மகிமா.